கார் வரும் சிமெண்ட் தளத்தை உடைக்காமல் அடியில் கேபிள் கொண்டுசெல்ல முடியுமா?

மடிப்பாக்கம் வீட்டுக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது மடிப்பாக்கத்தில் தனி வீடு. கட்டி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மீட்டர் பெட்டி வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதற்கு எதிரே 12 அடி அகலத்தில் கார் வரும் சிமெண்ட் தளம், தளத்துக்கு அப்பால் காம்பவுண்டுச் சுவர் வரை 8 அடி அகலத்தில் தோட்டம், தோட்டத்தின் தெருமுனையில் கேட் தூண் என்று அமைப்பு. கேட் தூணுக்கு மின்சாரம் போக வேண்டுமானால் ஏதோ ஓரிடத்தில் இந்தத் தளத்தைக் கடந்தே ஆக வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் எலக்ட்ரீஷியன் தளத்தின் மேலேயே பி.வி.சி. பைப்பைப் படுக்க வைத்து, அதன் மீது கலவை பூசி மேடு கட்டி, இரண்டு ஒயர்களை இழுத்துக் கொடுத்தார். தினமும் கார் ஏறி இறங்கி அந்த மேடு உடைந்து, பைப்பும் விரிந்துவிட்டது. சென்ற வடகிழக்குப் பருவமழையில் வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற ஒரு காலையில், பால் பாக்கெட் எடுக்கப் போன என் அம்மா கேட்டின் தாழ்ப்பாளைத் தொட்டவுடன் சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டார். நல்லவேளையாக ரப்பர் செருப்பு போட்டிருந்தார். மெயினை அணைத்துவிட்டு உடைந்த பைப்பைப் பிளந்து பார்த்தேன். நடுவில் ஓர் இணைப்பு போட்டு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. எர்த் ஒயர் என்று ஒன்று இல்லவே இல்லை.

அன்றிலிருந்து கேட் இருட்டில்தான் இருக்கிறது. இந்த முறை சரியாகச் செய்ய விரும்புகிறேன். தூண்களில் இரண்டு விளக்குகள், தோட்டத்தில் மூன்று சிறு விளக்குகள், ஒரு கேமரா, பின்னாளில் தள்ளு கேட்டுக்கு அரை குதிரைத்திறன் மோட்டார் ஆகியவை தேவை. அப்பா முன்னின்று போட்ட தளம் இது. இன்றுவரை ஒரு விரிசல் கூட இல்லாததால் உடைக்க மனம் வரவில்லை. குழி வெட்டுவது, பைப் போடுவது போன்ற வேலைகளை நானே செய்வேன். அமெரிக்கக் காணொளிகளில் தோட்டக்குழாயைப் பி.வி.சி. பைப்பின் முனையில் இணைத்து, தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து அடியில் துளை போடுகிறார்கள். 18 அங்குல ஆழம் போதும் என்றும் சொல்கிறார்கள். அது இங்கே பொருந்துமா? எந்தக் கேபிள், எந்தப் பைப், எவ்வளவு ஆழம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருவான்மியூர் கடற்கரைவாசி:

தண்ணீர் பீய்ச்சும் முறையை நான் செய்து பார்த்திருக்கிறேன் என்பதால், தயவுசெய்து வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதி கடற்கரை மணல். முக்கால் அங்குலப் பைப்பில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தள்ளியபோது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் அரை மணி நேரத்தில் பத்தடி போய்விட்டது. எனக்கு அன்று ஒரே மகிழ்ச்சி. ஆனால் மறுபக்கக் குழியில் தண்ணீரோடு சேர்ந்து வந்து குவிந்த மணலைக் கூடையில் அள்ளி அள்ளிக் கொட்டியபோது, அத்தனை மணலும் தளத்துக்கு அடியிலிருந்துதான் வருகிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் கார் சக்கரம் போகிற தடத்தில் தளம் ஓர் அங்குலம் இறங்கிக் குறுக்கே பிளந்தது. கடைசியில் அந்தப் பகுதியை உடைத்துத்தான் சரிசெய்தோம்.

உங்கள் பகுதி களிமண் என்பதால் மணலைப் போல உடனே சரியாது. ஆனாலும் ஊறிய களிமண் குழைந்துவிடும். பைப் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் கையில் தெரியாது. உடைக்காமல்தான் போக வேண்டும் என்றால் இரும்புப் பைப்பை வறண்ட முறையில் தள்ளுவதே மேல். முனையில் மூடி போட்ட ஜி.ஐ. பைப்பைச் சம்மட்டியால் அடித்து உள்ளே செலுத்தினால், மண் வெளியே வராமல் பைப்பைச் சுற்றி இறுகும். தளத்துக்கு அடியில் வெற்றிடமும் உண்டாகாது. மூடி போடாமல் அடித்தால் பைப்புக்குள் களிமண் அடைத்துக்கொள்ளும். பிறகு அதைக் குடைந்து எடுப்பது தனி வேலையாகிவிடும்.

அம்பத்தூர் வயர்மேன்:

உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததைப் படித்ததும் மனம் பதறியது. ஆகவே பைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்கிறேன்: அந்தப் பழைய ஒயரின் இரு முனைகளையும் கழற்றி எடுத்துவிட்டீர்களா? சுவிட்சை மட்டும் அணைத்து வைப்பது போதாது. சுவிட்ச், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் போடப்பட்டிருந்தால், விளக்கு எரியாவிட்டாலும் மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயர் அந்த ஈரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். பழைய வேலைகளில் இதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கக் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டுக் கார்ப் பாதைக்கு அவர்களுடைய விதியில் 18 அங்குலம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே இத்தகைய விளக்கு இணைப்புகள் 120 வோல்ட்டில் ஓடுகின்றன. ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் கருவியும் வெளிப்புற இணைப்புகளில் இருக்கும். நமக்கு 230 வோல்ட். பூமிக்கடியில் கேபிள் போடுவதற்கான நம் நாட்டு நெறிமுறையான ஐ.எஸ். 1255, வீட்டுக்கு வரும் தாழ்வழுத்தக் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர் ஆழமும் சாலையைக் கடக்கும் இடத்தில் 1 மீட்டர் ஆழமும் சொல்கிறது. உங்கள் தளத்துக்கு அடியில் இரண்டரை அடிக்குக் குறையாமல் போங்கள்.

கேபிளைப் பொறுத்தவரை, சாதாரண வீட்டு ஒயரை எந்தப் பைப்புக்குள் போட்டாலும் பூமிக்கடியில் அது நிலைக்காது. பைப்புக்குள் தண்ணீர் புகாது என்று நம்பவே கூடாது. வெளியிலிருந்து புகாவிட்டாலும் உள்ளேயே வியர்த்துத் தேங்கும். கடையில் யூ.ஜி. கேபிள் என்று கேட்டால் தருகிற, இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிளையே வாங்குங்கள். செம்பு, மூன்று கோர் (உள்ளே மூன்று தனிக் கம்பிகள்), 2.5 சதுர மில்லிமீட்டர் போதும். பெருச்சாளியும் கறையானும் நம் ஊர் மண்ணில் செய்கிற வேலையை அறிந்தவர்கள் கவசம் இல்லாத கேபிளை மண்ணில் விட மாட்டார்கள். மின்னழுத்த இழப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்: 2.5 கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7.4 ஓம், 20 மீட்டர் தூரம், போகவர 40 மீட்டர் என்று வைத்தால் 0.3 ஓம், 5 ஆம்பியர் இழுத்தாலும் ஒன்றரை வோல்ட்தான் குறையும்.

கேபிளை ஒரே நீளமாக வாங்கி, மண்ணுக்கு அடியில் ஓர் இணைப்பு கூட இல்லாமல் போடுங்கள். இரண்டு முனைகளிலும் கிளாண்ட் (கவசத்தை இறுகப் பிடிக்கும் உலோகப் பிடிப்பு) போட்டுக் கவசத்தை எர்த்தோடு இணைக்க வேண்டும். மூன்றாவது கோர் தனி எர்த் ஒயராக ஓடட்டும். இரும்பு கேட்டும் அந்த எர்த்தில் சேர வேண்டும். போர்டில் இந்த இணைப்புக்கென்று தனியாக ஓர் எம்.சி.பி.யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் தேவை. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். எம்.சி.பி. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டித்துக் கேபிளைச் சூட்டிலிருந்து காப்பாற்றுகிறது. மின்சாரம் கசிந்தால் துண்டித்து ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.தான். உங்கள் வீட்டில் அது இருந்திருந்தால் அன்றைக்கு மழைத் தண்ணீர் பைப்புக்குள் ஏறியபோதே இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும்.

ஜி.ஐ. பைப் போடுவதானால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். ஃபேஸும் நியூட்ரலும் ஒரே இரும்புப் பைப்புக்குள் சேர்ந்தே போக வேண்டும். பிரித்து இரண்டு பைப்பில் விட்டால் இரும்பு சூடாகும். கேமரா ஒயரை இந்தப் பைப்பில் சேர்க்காமல் அதற்குத் தனிப் பைப் போட வேண்டும்.

குழி வெட்டுவது, பைப் தள்ளுவது, கேபிளை இழுத்து இரு முனையும் வெளியே நிற்கும்படி வைப்பது ஆகியவற்றை நீங்கள் தாராளமாகச் செய்யலாம். போர்டில் இணைப்பதும் சோதிப்பதும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாகவே நடக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிற சான்றிதழை வைத்திருப்பவரா என்று கேட்டுப் பார்த்து அழையுங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் அதைக் கேட்டிருந்தால் அந்த டேப் சுற்றிய இணைப்பு உங்கள் வாசலில் இருந்திருக்காது.

இன்னும் ஒன்று. மடிப்பாக்கத்தில் உங்கள் தெருவுக்கு ஈ.பி. இணைப்பு கம்பத்திலிருந்து வருகிறதா, பூமிக்கடியில் பில்லர் பெட்டியிலிருந்து வருகிறதா? அடியில் வருகிறதென்றால், அந்தக் கேபிள் எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு சம்மட்டி அடி கூட அடிக்காதீர்கள். மீட்டருக்கு முந்தைய அந்தக் கேபிளை உங்கள் மெயின் சுவிட்சால் அணைக்க முடியாது.

குரோம்பேட்டை கட்டடப் பொறியாளர்:

வயர்மேன் ஐயா கடைசியாகச் சொன்னதையே நான் முதலில் வைத்திருப்பேன். இந்த வேலையில் 12 அடி பைப்பைத் தள்ளுவது எளிது. சென்னை வீட்டு முன்வாசலுக்கு அடியில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். நம் ஊரில் சம்ப், குடிநீர்க் குழாய், சாக்கடைச் சேம்பர், 2003-க்குப் பிறகு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்புக் குழி, ஈ.பி. கேபிள் எல்லாமே வாசலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய இடத்துக்குள்தான் அடங்கியிருக்கின்றன. இரு பக்கமும் குழி வெட்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தளத்தின் நடுவில் தெருவிலிருந்து வீட்டை நோக்கி ஓடுகிற குழாய் இரண்டு குழியிலும் தெரியாது, ஆனால் உங்கள் பைப் அதன் மீதுதான் போய் முட்டும்.

கண்டுபிடிக்கும் வழி இதுதான். சம்ப் மூடியைத் திறந்து உள்ளளவை ஒரு கம்பால் நான்கு பக்கமும் அளந்து, சுவர்க் கனத்துக்கு 9 அங்குலம் கூட்டி, அந்தச் செவ்வகத்தைத் தளத்தின் மேல் சாக்பீஸால் வரையுங்கள். சம்ப் ஆறடி, ஏழடி ஆழம் இருக்கும் என்பதால் அதற்கு அடியில் போவது நடக்காது. ஒதுங்கித்தான் போக வேண்டும். சாக்கடைச் சேம்பர்களின் மூடிகளைத் தூக்கிக் குழாய் எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று பார்த்து, ஒரு சேம்பரிலிருந்து அடுத்ததற்கு நூல் பிடித்துக் கோடு போடுங்கள். குடிநீர் இணைப்பு தெருவிலிருந்து சம்ப் வரைக்கும்தான் வரும். ஈ.பி. கேபிள் மீட்டர் பெட்டி வரைக்கும்தான் வரும். இந்தக் கடைசி இரண்டையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: கேட்டுக்கு அருகே கடந்தால் இரண்டையும் தாண்ட வேண்டியிருக்கும். சம்ப்பையும் மீட்டரையும் தாண்டி, போர்டிகோ பக்கமாக உள்ளே தள்ளிக் கடந்தால் இரண்டும் பின்னால் நின்றுவிடும். தோட்டத்தில் கூடுதலாக முப்பது அடி கேபிள் ஓட வேண்டியிருக்கும். ஆனால் அங்கே திறந்த மண், நீங்களே வெட்டி மூடலாம்.

தள்ளுவதைப் பற்றியும் சொல்கிறேன். திருவான்மியூர் நண்பர் சொன்ன சம்மட்டி முறை சரிதான். ஆனால் இரண்டரை அடிக் குழிக்குள் நின்று சம்மட்டியை வீச இடம் வேண்டும். 8 அடித் தோட்டத்தில் 6 அடி நீளக் குழிதான் வெட்ட முடியும். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பை மூன்றடித் துண்டுகளாக வெட்டி மரை போட்டு வாங்கி, ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே போங்கள். அடிப்பதற்குப் பதிலாக, குழியின் பின்சுவரில் ஒரு தடித்த பலகையை நிறுத்தி, லாரிக்குப் போடுகிற ஹைட்ராலிக் ஜாக்கைப் படுக்க வைத்துத் தள்ளலாம். படுக்க வைத்தும் வேலை செய்கிற ஜாக்தானா என்று வாடகைக் கடையில் கேட்டு வாங்குங்கள். பலகை மண்ணில் சாய வேண்டும். காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரத்தில் சாயவே கூடாது. ஜாக் தள்ளுகிற விசை அந்தச் சுவரைப் பிளந்துவிடும்.

முதல் துண்டின் மட்டம்தான் மொத்த வேலையையும் தீர்மானிக்கும். ஒரு பாகை சாய்ந்தால் 12 அடி போவதற்குள் இரண்டரை அங்குலம் விலகிவிடும். ஆகவே முதல் இரண்டு துண்டுகள் போகும்வரை ஒவ்வோர் அங்குலத்துக்கும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மறுபக்கக் குழியைத் தேவைக்கு மேல் ஓர் அடி அகலமாகவும் அரை அடி ஆழமாகவும் வெட்டி வையுங்கள். உள்ளே புகுகிற தண்ணீர் வடிவதற்காகத் தோட்டப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருப்பது நல்லது.

காலத்தையும் பாருங்கள். மே மாதத்தில் உங்கள் களிமண் செங்கல்போல் இறுகிக் கிடக்கும். நவம்பரில் குழிக்குள் தண்ணீர் ஊறும். பொங்கலுக்குப் பிறகு, மண் ஈரமாகவும் குழி வறண்டும் இருக்கிற நாட்களே தோதானவை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருப்பவர்கள் இந்த முறையை நினைக்கவே வேண்டாம். அங்கே சில அடியிலேயே சார்னோகைட் என்கிற கடினமான பாறை தட்டும். அவர்களுக்குத் தளத்தை நேர்கோட்டில் அறுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மடிப்பாக்கம் வீட்டுக்காரர்:

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய ஒயரை அன்றே இரு முனையிலும் கழற்றிவிட்டேன். நேற்று எல்லா மூடிகளையும் திறந்து, நூல் பிடித்துத் தளத்தின் மேல் கோடு போட்டேன். சம்ப் நான் நினைத்திருந்ததைவிட மூன்றடி தள்ளி இருக்கிறது. மூடி ஓர் ஓரத்தில் இருப்பதால் இத்தனை நாளும் சம்ப் முழுவதும் அந்தப் பக்கம் என்றே எண்ணியிருந்தேன். ஈ.பி. கேபிள் எங்களுக்கு அடியில்தான் வருகிறது. நான் முதலில் தேர்ந்தெடுத்திருந்த இடத்தில் பைப்பைத் தள்ளியிருந்தால் நேராக அதில்தான் போயிருக்கும். மீட்டருக்கு அப்பால் போர்டிகோத் தூணை ஒட்டி ஒன்றரை அடி மண் பட்டை இருக்கிறது. அங்கே ஒரு கோடும் குறுக்கிடவில்லை.

ஒரே ஒரு கேள்வி. விளக்குகளை மட்டும் 12 வோல்ட்டில் ஓட்டினால் இன்னும் பாதுகாப்பு அல்லவா?

அம்பத்தூர் வயர்மேன்:

பாதுகாப்புதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மொத்தம் 50 வாட் விளக்குகள் 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதே கம்பியில், அதே தூரத்தில் 1.2 வோல்ட் குறையும். 230-ல் ஒரு பொருட்டே இல்லாத இழப்பு 12-ல் பத்தில் ஒரு பங்கு; கடைசி விளக்கு மங்கும். அதோடு கேட் மோட்டாருக்கு எப்படியும் 230 வேண்டும் என்கிறீர்கள். ஆகவே கேட் தூண் வரை 230 கொண்டுபோய், அங்கே மழை புகாத பெட்டிக்குள், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் 12 வோல்ட் சப்ளையை வைத்துத் தோட்ட விளக்குகளுக்குக் கொடுங்கள். மழைத் தண்ணீர் வாசலில் எவ்வளவு உயரம் நிற்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்; பெட்டி அதற்கு நன்றாக மேலே இருக்கட்டும்.

கேபிளை வளைக்கும் இடத்தில் அதன் விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரம் விடுங்கள். செங்கோணத்தில் மடக்கினால் கவசம் விரிந்துவிடும். பைப்பின் வெட்டு முனை பிளேடைப் போல இருக்கும். அரத்தால் தேய்த்து, புஷ் (முனையில் மாட்டும் வழவழப்பான வளையம்) போட்ட பிறகே கேபிளை நுழையுங்கள். தோட்டத்தில் கேபிளுக்குக் கீழும் மேலும் கல் இல்லாத மணல் போட்டு, அதன் மேல் ஒரு வரிசைச் செங்கல் அடுக்கி, பிறகு மண்ணை மூடுங்கள். பத்து ஆண்டு கழித்து வாழைக்கன்று வைக்கக் கடப்பாரை போடுகிறவருக்கு முதலில் செங்கல் தட்டுப்பட வேண்டும்.

மடிப்பாக்கம் வீட்டுக்காரர்:

பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்து, அடுத்த ஞாயிறு முடித்தோம். குழி வெட்டவே ஒரு நாள் முழுதும் ஆனது. என் மைத்துனர் ஜாக்கை அடிக்க, நான் ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் ஆறடி சுலபமாகப் போனது. எட்டாவது அடியில் பைப் நின்றுவிட்டது. ஜாக்கைப் பலமாக அடித்தபோது பின்பலகை மண்ணுக்குள் அமிழ்ந்ததே தவிரப் பைப் அசையவில்லை. கோடு போட்டு வைத்திருந்ததால் அது குழாயும் இல்லை, கேபிளும் இல்லை என்ற நிச்சயம் இருந்தது. பைப்பைக் குறட்டால் பிடித்து, மரை கழன்றுவிடாதபடி இறுக்கும் திசையிலேயே சிறிது சிறிதாகத் திருகிக்கொண்டே தள்ளியபோது விட்டுக்கொடுத்தது. மறுபக்கக் குழியில் எதிர்பார்த்த இடத்துக்கு இரண்டு அங்குலம் இடப்பக்கமாகப் பைப்பின் மூடி எட்டிப் பார்த்தது. அதன் முனையில் பழைய செங்கல் துண்டின் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது. கேமரா ஒயருக்காக அதற்கு ஓரடி தள்ளி இன்னொரு சிறு பைப்பையும் அதே முறையில் தள்ளிவிட்டோம்.

சான்றிதழ் உள்ள வயர்மேன் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் 500 வோல்ட் மெக்கர் என்கிற, மின்காப்பை அளக்கும் கருவியை வைத்துக் கேபிளைச் சோதித்தார். விதிப்படி ஒரு மெகா ஓம் இருந்தால் போதும். எங்கள் கேபிளில் முள் நூறுக்கு மேல் போய் நின்றது. கிளாண்டும் எர்த்தும் போட்டு, கேட்டையும் எர்த்தில் சேர்த்து, ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அம்மாவையே அழுத்தச் சொன்னார். டப்பென்று விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, மாதம் ஒரு முறை இதை அழுத்திப் பார்ப்பது இனி தன் பொறுப்பு என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

தளத்தில் போட்டிருந்த சாக்பீஸ் கோடுகளை அளவோடு ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையிலிட்டு மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். புதிய கேபிள் போகும் பாதை அதில் சிவப்புக் கோடாக இருக்கிறது.